ரெஜினாம்மா திரும்பிப் பார்த்த பக்கம்

அக்டோபர் 9, வியாழன்

புழுக்கம். மழை வருவதுபோல் காலையிலிருந்து பாசாங்கு. வரவில்லை.

கருவி வந்துவிட்டது. துறைத் தலைவர் அறையில் பெட்டியைப் பிரிப்பதற்கே ஒரு கூட்டம். கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, தலைப்பட்டை, கையில் பிடிக்க ஒரு விசை. மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் காட்சி. அண்ணாந்தால் வானம், குனிந்தால் தரை. முதியவர்களின் மனநலத்துக்கு உதவுமா என்று பார்த்து எழுத வேண்டும். கடலூர் முதியோர் இல்லத்துக்கு வாராவாரம் ஆலோசனைக்குப் போகிறவள் என்பதால் பொறுப்பு என் தலையில். இத்தனை வருடம் உளவியல் சொல்லிக்கொடுத்தவளுக்குக் கடைசியில் ஒரு பொம்மை.

மதியம் இல்லம், மஞ்சக்குப்பம். நிறுவனமே அனுப்பிய படங்கள்: பனிமலை, ஏரி, புல்வெளி, மறுபடி ஏரி.

முதலில் மாட்டிக்கொண்டவர் கோவிந்தசாமி. குடிகாட்டு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இல்லத்தில் ஆண்களுக்கெல்லாம் மச்சான்.

"என்னா மச்சான் தெரியுது?" என்று சுற்றி நின்றவர்கள்.

"புல்லு. இவ்ளோ புல்லு, மேய ஒரு மாடு கெடையாது. யாருக்குடா வளத்து வச்சிருக்கான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். படம் எடுத்தவர்கள் எதிர்பார்த்த மன அமைதி இதுவாக இருக்காது.

ரெஜினாம்மா வரவில்லை. வயது எழுபத்தாறு. சிதம்பரம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். போன வருடம் சிதம்பரத்தில் சாலையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். அறைக்குள் நடக்கிறார். அறை வாசலைத் தாண்டுவதில்லை. சாப்பாடு உள்ளேயே. பேச்சும் குறைந்துகொண்டே போகிறது.

கிளம்பும்போது மேலாளர் பாலகுரு: "இப்டியே இருந்தா அவுங்கள மாடிக்கு மாத்திடலாம்னு இருக்கேன் மேடம்."

மாடி என்றால் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பகுதி. அங்கே ஏறியவர் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை.

"எப்போ?"

"தீவாளி போவட்டும். மாசக் கடைசி."

வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு, கொசுவத்தி, வீட்டில் இவருக்கு ரத்த அழுத்த மாத்திரை.

அக்டோபர் 11, சனி

என்ன பார்க்க ஆசை என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். குறித்துக்கொண்டது:

கோவிந்தசாமி - தொழிற்சாலை கேட், ஷிப்ட் விடும் நேரம். "அந்த நாத்தமும் வருமா மேடம்?" வராது என்றேன். "அப்ப பாதிதான்."

சரோஜா - சிதம்பரம் கீழ வீதி, சாயங்காலம், பூக்கடைகள்.

சையது பாய், பரங்கிப்பேட்டைக்காரர் - மீன் ஏலம். "கடலு வேணாம்மா. மீனு மட்டும்." ஏன் என்று கேட்கவில்லை. சுனாமி பார்த்த இந்தக் கரையில் பிறந்தவள் அதைக் கேட்கக் கூடாது. நிறுவனம் அனுப்பியதில் 'அமைதியான கடற்கரை' என்று ஒன்று இருந்தது. போட்டுக் காட்டும் முன்பே அழித்துவிட்டேன்.

ரெ. - "ஒண்ணும் வேணாம்."

பனிமலை கேட்டவர் ஒருவரும் இல்லை. நாமே எடுத்தால் என்ன? இதழியல் துறையில் சுற்றிலும் படம் எடுக்கும் கேமரா ஒன்று தூங்குகிறதாம். துறைத் தலைவர்: "அதெல்லாம் டெக்னிக்கல் ஆளுங்க பாக்கற வேலை." பார்க்கலாம்.

அக்டோபர் 13, திங்கள்

மேகமூட்டம். படம் எடுக்க நல்லது என்று இப்போது தெரிகிறது.

கேமரா உள்ளங்கை அளவுதான். முன்னும் பின்னும் மீன்கண் மாதிரி இரண்டு குவிகண்ணாடி. அதற்கு முதுகே கிடையாது. சுற்றி இருப்பது அத்தனையும் விழும், எடுப்பவர் உட்பட. எனவே தாங்கியில் நிறுத்தி, விசையை அமுக்கிவிட்டு ஓடி ஒளிய வேண்டும். ஐம்பதை நெருங்கும் வயதில், புடவையோடு, கீழ வீதியில் ஒரு பூக்காரம்மாவின் குடைக்குப் பின்னால் குந்தியிருந்தேன்.

"யாரக்கா உளவு பாக்குற? வீட்டுக்காரரையா?"

முதலில் எடுத்ததை நானே மாட்டிப் பார்த்ததில் ஒரு கோளாறு. கேமராவை என் உயரத்துக்கு வைத்திருந்தேன். பார்ப்பவரோ நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். தரை எங்கோ கீழே கிடக்கிறது, யாரோ அந்தரத்தில் தூக்கிப் பிடித்திருப்பதுபோல் இருக்கிறது. இறக்கி, நாற்காலி உயரத்தில் வைத்து மறுபடி எடுத்தேன். சரியாக வந்தது. நிறுவனத்துப் படத்தைவிட நன்றாகவே வந்தது. இவரிடம் காட்டினேன். "படம் எப்ப ரிலீஸ்?" என்றார். மாட்டியதும் சாய்ந்து உட்கார்ந்தார், சைக்கிள்காரனுக்கு வழிவிடுவதுபோல. எனக்கு அது போதும்.

அக்டோபர் 14, செவ்வாய்

கீழ வீதிப் படம். சரோஜா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார். மாட்டியதும் உடனே பதறி, "எடுங்க, எடுங்க. கோபுரம் தெரியுது. எங்க நாத்தனார் செத்து ஒரு வருசம் ஆவல. தீட்டு."

"தெருதானே, உள்ளே போகவில்லையே" என்றேன்.

"கோபுரத்தப் பாத்தா சாமியப் பாத்த மாரி."

வாதாடவில்லை. கோபுரம் முதுகுப் பக்கம் வருமாறு நாற்காலியைத் திருப்பிப் போட்டோம். பிறகு பூக்கடைகளை ஆசை தீரப் பார்த்தார். மல்லி இந்த வருடம் அரும்பு சிறுத்துவிட்டது என்று விமர்சனம். கூடமே சிரித்தது.

இதை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் படித்ததில்லை. எழுதினால் நான்தான் எழுத வேண்டும்.

அக்டோபர் 15, புதன்

நேற்றைய சிரிப்பு ரெ. அறை வரை கேட்டிருக்கிறது. இன்று கருவியை அவர் அறைக்கே கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டு வேறு ஏதோ பேசினேன். கொஞ்ச நேரம் கழித்து:

"அது தலையில மாட்டறதுதான டாக்டரம்மா?"

"ஆமாம்."

"எக்ஸ்சேஞ்சில காதுல மாட்டுனா ஷிப்ட் முடிஞ்சாத்தான் கழட்டுவேன். எனக்கு என்னா பயம். குடுங்க இப்டி."

கீழ வீதிப் படத்தைப் போட்டேன். பூக்கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கின. கழற்றினேன். முகம் முழுக்க வியர்வை.

"அன்னிக்கும் பின்னாலேந்துதான் வந்தான். நான் பாக்கவே இல்ல."

விழுந்ததைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். முகத்தைத் துடைக்கத் துண்டை நீட்டினேன். அவரே:

"இதுல திரும்பிப் பாக்கலாமா?"

"எல்லாப் பக்கமும் பார்க்கலாம்."

பாலகுருவின் சுழல் நாற்காலியை இரவல் வாங்கி வந்தேன். ரெ. மறுபடி மாட்டிக்கொண்டார். சத்தம் வரும் நேரம் காலால் உந்தித் திரும்பினார். "தோ வரான். வரான். ...போய்ட்டான்." மறுபடி போடச் சொன்னார். மறுபடி. கடைசி முறை, "ஹெல்மெட்டு போடல பாரு, கழுத."

அஞ்சுவதைப் பத்திரமான இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துப் பழகுவது. புதிய மருத்துவம் இல்லை, வருடா வருடம் வகுப்பில் சொல்வது. ஆனால் வகுப்பில் யாரும் ஹெல்மெட்டைப் பற்றித் திட்டியதில்லை.

அக்டோபர் 16, வியாழன்

ரெ.யின் மகன் ஜெரால்டு கத்தாரிலிருந்து பேசினார். மரியாதையான மனிதர், நிறையக் கவலை. நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அவர் அப்பா சூசை சிதம்பரம் கல்லறைத் தோட்டத்தில். ரெ. ஒரு வருடமும் தவறவிட்டதில்லையாம், போன வருடம் தவிர.

"நீங்க அங்க போய் வீடியோ எடுத்துக் காட்டிடுங்க மேடம். நேர்ல போன மாதிரியே இருக்குமாமே. அம்மாவுக்கு இனிமே அலைச்சல் வேணாம்."

அங்கே படம் எடுக்கும் எண்ணம் எனக்கும் இருந்தது. போய்ப் பழகுவதற்காக. அவர் கேட்பது போகாமலே இருப்பதற்காக. இரண்டுக்கும் ஒரே படம். இந்தக் கருவியைப் பற்றி என் சந்தேகமே இதுதான். நேரில் போன மாதிரி என்று ஆகிவிட்டால் நேரில் யார் கூட்டிப்போவார்கள்?

"எடுக்கிறேன். ஆனால் அது ஒத்திகைதான்" என்றேன். அவர் சிரித்தார். புரிந்ததா தெரியவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

இரவெல்லாம் தூறல். காலையில் வெறித்தது. கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஆள் இல்லை. நடுப்பாதையில் கேமரா. நோக்கம் பாதைதான்: கேட், இரண்டு பக்கமும் வேம்பு, மேடு பள்ளம், கோலூன்ற வேண்டிய இடங்கள். பையை ஈரத்தில் வைக்காமல் கைக்கெட்டிய இடத்தில் மாட்டிவிட்டு ஒளிந்துகொண்டேன். குருவிச் சத்தம்கூடத் துல்லியம். இதுவரை எடுத்ததில் சிறந்தது இதுதான். பேருந்தில் வரும்போது தனியாகச் சிரித்திருக்கிறேன் போல, பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

அக்டோபர் 18, சனி

எழுதவே பிடிக்கவில்லை. வரிசையாகவாவது எழுதிவைக்கிறேன்.

ரெ. மாட்டிக்கொண்டார். சுழல் நாற்காலி. பாதையைப் பார்த்தார். "வேப்ப மரம் நல்லா தழைஞ்சிட்டுது." முகத்தில் ஒரு தெளிவு. பிறகு, நான் சொல்லிக்கொடுத்தபடி, பின்பக்கம் திரும்பினார்.

"யாரது?"

"யார்?"

"அங்க. கல்லறைக்குப் பின்னால குந்திக்கிட்டு. பச்சைப் பொடவை." பிறகு மெதுவாக, "டாக்டரம்மா, அது நீங்கதான?"

ஆமாம் என்றேன்.

"அவுரு சிலுவைல பை தொங்குது. உங்க பை."

அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. இத்தனை கல்லறைகளில் நான் ஒளிய எடுத்துக்கொண்டது சூசையினுடையது. பெயரைப் படித்திருக்கலாமே என்றால், பெயர் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. சிமெண்டு கறுத்து, பாசி பிடித்து, இடுப்பளவு புல். யாருமற்றவர் கல்லறை என்று நினைத்திருந்தேன்.

ரெ. கண்ணாடியைத் தானே கழற்றி என் மடியில் வைத்தார். "போன வருசம் சுண்ணாம்பு அடிச்சி, பேரு எழுதி, பூ போட்டாச்சுன்னான் ஜெரால்டு." அவ்வளவுதான். கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 19, ஞாயிறு

பாலகுரு போன். ரெ. நேற்று இரவும் இன்று காலையும் சாப்பிடவில்லை. "இத்தோட நிறுத்திக்குவோம் மேடம். நல்லா இருந்தவுங்க இல்லன்னாலும், இதைவிட நல்லா இருந்தாங்க."

துறைத் தலைவர் போன். "நெகட்டிவ் ரிசல்ட்டும் ரிசல்ட்தான்." ஆறுதல் சொல்கிறாராம்.

பெயர் தெரியாத ஒருவர் என்றால்கூடச் சிலுவையில் பையை மாட்டலாமா? எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நட்ட நடுகல்லில் யாராவது மாட்டினால் நான் சும்மா விடுவேனா? அந்தப் பையை இன்று எடுக்கவில்லை. அலமாரியில் கிடக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய்க் குளியல். இட்லி, கறிக்குழம்பு. மழையில் வெடிகள் நமுத்துப்போனதில் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு அழுகை. இவர், "போய்ப் பாத்து மன்னிப்புக் கேட்டுடேன். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எங்களால பலகாரம் திங்க முடியல." மிக்சர் கொஞ்சம் தனியாகக் கட்டி வைத்தேன்.

அக்டோபர் 22, புதன்

நல்ல மழை. மஞ்சக்குப்பத்தில் சாக்கடை தெருவுக்கு வந்துவிட்டது. முழங்கால் நனைய இல்லம்.

ரெ. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மிக்சரை வைத்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு வாயில் வரவில்லை. "தப்புதாங்க" என்று மட்டும் வந்தது.

"எதுக்கு?"

"பையை மாட்டினதுக்கு."

"அட அத விடுங்க. அவுரு உயிரோட இருந்தப்பவும் அவுரு தோள்லதான் ஊரே பைய மாட்டும். ரிஜிஸ்டர் ஆபீசுல டைப்பிஸ்ட்டு. யாரு எதக் குடுத்தாலும் புடிச்சிக்கிட்டு நிப்பாரு." மிக்சரைப் பிரித்தார். "ஒரு வருசத்துல ஒரு ஆளாவது அவுருகிட்ட போயிருக்கீங்களே. ஒளியறதுக்குன்னாலும்."

எனக்கும் ஒரு பிடி நீட்டினார்.

"அதக் கொண்டாந்தீங்களா?"

"கருவியா? நிறுத்தச் சொல்லிவிட்டார்களே."

"யாரு? பாலகுருவா? கண்ணு என்னுதா அவுருதா?"

கூடத்திலிருந்து கருவியையும் சுழல் நாற்காலியையும் எடுத்து வந்தேன்.

மாட்டிக்கொண்டார். இந்த முறை பாதையைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் திரும்பி அந்தக் கல்லறையையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து, சாய்ந்து, நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவாரோ என்று நான் தோளருகே கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"புல்லு இல்ல இது, கோரை. கெழங்கு உள்ள இருக்கும். மேலாப்ல புடுங்குனா நிக்காது. சிலுவையில வெடிப்பு கெடையாது, பாசிதான். தேச்சா போவும்." கண்ணாடியைக் கழற்றினார். கண்தான் ஈரம், குரல் திடமாக இருந்தது. "நான் போவணும்."

"எங்கே?"

"இவ்ளோ படிச்சிருக்கீங்க, எங்கன்னு கேக்கறீங்களே."

வெளியே வந்து பாலகுருவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. பொட்டலத்தைக் காட்டினேன். மிக்சர் காலி.

அக்டோபர் 25, சனி

தினமும் ஒத்திகை. சிறப்புச் செய்தி: ரெ. அறை வாசலைத் தாண்டிவிட்டார். கூடம் வரை, கோலோடு.

முதலில் உட்கார்ந்து கீழ வீதி. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தச் சத்தத்தை மட்டும் போட்டு, தாழ்வாரத்தில் நடை. சத்தம் போதவில்லை என்று கோவிந்தசாமி தானே களத்தில் இறங்கினார். ரெ.க்குப் பின்னாலிருந்து "பாங்க் பாங்க்" என்று பேருந்து. சையது பாய் ஷேர் ஆட்டோ. சரோஜா, "ஓரம் போ, ஓரம் போ."

"யோவ், கொஞ்சம் மெதுவா வாய்யா. ஒரு மனுசி நடக்கறது தெரியல?" என்று ரெ. திரும்பி நின்று கத்தினார்.

கோவிந்தசாமி கையைத் தூக்கிச் சலாம் போட்டார். "பிரேக்கு இல்ல யக்கா. கெவுருமெண்டு வண்டி."

திரும்பி நின்று கத்தினார். இதை அடிக்கோடு போட்டு வைக்கிறேன்.

அக்டோபர் 29, புதன்

இடைவிடாத தூறல். குடையோடு கேட் வரை போனார். கேட்டுக்கு வெளியே கால் வைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் தெருவைப் பார்த்தார். உதடு உலர்ந்திருந்தது. "இது நெசமால்ல வருது" என்றார். திரும்பிவிட்டோம். நான் அவசரப்படுத்தவில்லை, கஷ்டமாக இருந்தது.

மாலை ஜெரால்டு வீடியோ அழைப்பில். பாலகுரு சொல்லிவிட்டார் போல.

"வேணாம்மா. மழை. வழுக்கும். மறுபடி விழுந்தீனா யாரு பாக்கறது? அதான் மேடம் படம் எடுத்துட்டாங்களே, அதுலயே பாத்துக்கயேன்."

"பாத்தன். வெள்ளையடிச்சாச்சுன்னு போன வருசம் சொன்னியே, எந்தக் கல்லறைக்குடா அடிச்ச?"

ஜெரால்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "சின்னப்பா பையன்கிட்ட சொன்னேம்மா. முடிச்சிட்டேன்னான். நானும் நம்பிட்டேன்."

"நீயும் நம்பிட்ட, நானும் நம்பிட்டன். அவுரு மட்டும் புல்லுக்குள்ள கெடந்தாரு." பிறகு தணிந்து, "நீ அங்கேந்து என்னா பண்ணுவ. நான் இங்கதான இருக்கன். போய்ட்டு வரன். சாப்ட்டியா?"

அக்டோபர் 31, வெள்ளி

கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் இன்றே போய்ச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பெருமழை, அடித்தாலும் கரைந்துவிடும். ரெ. நாள் முழுக்க ஜன்னலில். மாசக் கடைசி. பாலகுரு மாடி பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வாரம் பேசுவார்.

துறைத் தலைவர்: "நேரில் கூட்டிப்போவது ஆய்வுத் திட்டத்தில் இல்லையே?" இல்லை என்றேன். ஞாயிறு எனக்கு விடுமுறை என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

வெயில்! நம்பவில்லை, மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன்.

இவர் கார் ஓட்ட, முன்னால் கோவிந்தசாமி, பின்னால் ரெ.யும் நானும். டிக்கியில் சுண்ணாம்பு வாளி, கருப்புப் பெயின்ட், களைக்கொத்து, பிளாஸ்டிக் முக்காலி, செவந்திப் பூ, மெழுகுவத்தி. இல்லத்து கேட்டைக் காரில் தாண்டுவது எளிது. குடிகாடு வந்ததும் கோவிந்தசாமி, "கண்ணாடிய எறக்குங்க சார், எங்க கம்பெனி." எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். அவர் மட்டும் ஆழ இழுத்தார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் சரியான கூட்டம். பூக்கடை, மெழுகுவத்திக் கடை, இரு சக்கர வண்டிகள். கார் நின்றது. ரெ. கதவைத் திறந்தார். பின்னாலிருந்து ஒரு ஹார்ன். கதவைச் சாத்திக்கொண்டார்.

உட்கார்ந்திருந்தோம். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், கண்ணைக் காட்டித் தடுத்தேன். ரெ.யின் கை என் கைமேல், ஐஸ் மாதிரி. திரும்பிப் போகலாம் என்று அவர் சொன்னால் மறுவார்த்தை பேசாமல் திரும்புவது என்று முடிவு செய்துகொண்டேன். உண்மையாகவே முடிவு செய்தேன்.

"பின்னால என்னா வருது?" என்றார்.

"நீங்களே பாருங்க."

உடம்பையே திருப்பிப் பின் கண்ணாடி வழியே பார்த்தார். ஒரு வண்டி. போகவிட்டார். இன்னொன்று. அதையும். பிறகு கதவைத் திறந்து, கோலை ஊன்றி, இறங்கினார். நடுரோட்டில் நின்று இன்னொரு தரம் பின்னால் பார்த்துவிட்டு, வந்த பையனைக் கை காட்டி நிறுத்திவிட்டுக் குறுக்கே நடந்தார். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

பாதை மேடு பள்ளம் எல்லாம் அவருக்கே தெரிந்தது. "இங்க குழி" என்று எனக்குச் சொன்னார்.

இவரும் கோவிந்தசாமியும் கோரையைக் கிழங்கோடு கிளறி எடுத்தார்கள். பாசியைத் தேய்த்தது நான். சுண்ணாம்பு அடிக்க யாரையும் விடவில்லை ரெ. முக்காலியில் உட்கார்ந்து, சிலுவையின் அடியிலிருந்து கை எட்டும் வரை அவரே. எட்டாததற்கு எழுந்து நின்றார். யாரும் பிடிக்கவில்லை.

"எழுத்து நீங்க எழுதுங்க டாக்டரம்மா. என் கை ஆடும்."

"எனக்குப் பழக்கம் இல்லையே."

"ஒளியறதுக்குப் பழக்கம் இருந்துச்சா?"

எழுதினேன். ம. சூசை. 'சை' எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கோவிந்தசாமி தலையைச் சாய்த்துப் பார்த்து, "இப்டிப் பாத்தா நேரா இருக்கு."

சாயங்காலம் ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்கள் சுண்ணாம்பு காயவில்லை. "ஈரமா இருக்கு ஃபாதர்" என்று ரெ. சங்கடப்பட்டார். அவர் சிரித்துக்கொண்டே தெளித்தார். ஈர வெள்ளையில் துளி விழுந்த இடமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளி.

பெருமை என்ற சொல்லை நான் சிக்கனமாகச் செலவழிக்கிறவள். பிள்ளைகள் பட்டம் வாங்கியபோதுகூட நல்லது என்றுதான் எழுதியிருப்பேன். இன்று எழுதிவிடுகிறேன். பெருமையாக இருந்தது. ரெ.யை நினைத்து, தாழ்வாரத்தில் பேருந்தாக வந்தவரை நினைத்து, கொஞ்சம் என்னை நினைத்தும்.

திரும்பும்போது ரெ. காரில் தூங்கிவிட்டார். விரலிடுக்கில் சுண்ணாம்பு.

நவம்பர் 5, புதன்

மறுபடி மேகம். தோள்பட்டை வலி, பாசி தேய்த்தது.

அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். துறைத் தலைவருக்கு ஒரு வரி போதும்: கருவியால் முன்னேற்றம். அப்படி எழுத மனம் வரவில்லை. கருவி பாதையைக் காட்டியது, ரெ. பார்த்தது பின்பக்கத்தை. நான் திட்டமிட்டது ஒன்று, உதவியது என் தவறு. அதையும் எழுதினேன், பை உட்பட. கடைசிப் பரிந்துரை: படங்களை அந்தந்த ஊரில், அவரவர் கேட்ட இடத்தில் எடுக்க வேண்டும், பார்த்தவரை அந்த இடத்துக்கு நேரில் அழைத்துப் போக ஆள் வேண்டும், இரண்டாவது முடியாது என்றால் முதலாவது வேண்டாம். துறைத் தலைவர் வெட்டுவார். மறுபடி சேர்ப்பேன்.

பாதியில் பாலகுரு போன்.

"மேடம், ரெஜினாம்மா செருப்பு போட்டுக்கிட்டு கேட்டுக்கு வெளிய நிக்கறாங்க. ஷேர் ஆட்டோவ கை காட்டறாங்க. எங்கன்னு கேட்டா சொல்ல மாட்டறாங்க."

"தனியாவா?"

"கோவிந்தசாமியும் கூடப் போறாராம். அவரக் கேட்டா சிரிக்கறாரு."

"போகட்டும் சார்."

"அவுங்க பையன் போன் பண்ற நேரம் மேடம். அம்மா எங்கன்னு கேட்டா என்னா சொல்றது?"

"வெளிய போயிருக்காங்கன்னு சொல்லுங்க."